பழைய பெர்கோலாவின் தோற்றத்தைச் சரிசெய்தல்: அறிகுறி பார்த்துக் காரணம் கண்டு நீக்கும் வழிமுறை

வீட்டுப் பின்புறத்துப் பெர்கோலா (தூண்களின் மேல் கட்டைகளை வரிசையாகப் போட்ட திறந்த பந்தல்) களையிழந்து தெரிந்தால் முதலில் கை போவது பெயிண்ட் டப்பாவுக்குத்தான். ஓராண்டுக்குள் அந்தப் பெயிண்ட் உரிந்து வருவதும் அதனால்தான். மரம் கறுப்பது, வளைவது, ஆடுவது, உரிவது எல்லாம் வெளியே தெரியும் அடையாளங்கள். உள்ளே வேலை செய்வது தண்ணீர், வெயில், அல்லது கட்டும்போது தப்பிய கணக்கு. அதைக் கண்டுபிடித்துத் தடுத்த பிறகு பூசினால், பூச்சு நிற்கும்.

கீழே வரும் பெயர்கள் குழப்பாமல் இருக்க: தரையிலிருந்து எழுவது தூண். தூண்களின் தலையில் கிடக்கும் கனமான கட்டை உத்திரம். உத்திரத்துக்குக் குறுக்கே வரிசையாக நிற்பவை சட்டங்கள். சட்டங்களின் மேல் நெருக்கமாக ஓடும் மெல்லிய கட்டைகள் ரீப்பர்.

வேலையின் வரிசையை மாற்றாதீர்கள். முதலில் சாய்வும் ஆட்டமும், அடுத்து அழுகல், பிறகு ஆணியும் போல்ட்டும், அதன்பின் கழுவுதல், உப்புத்தாள், பூச்சு. கொடியும் விளக்கும் கடைசியில். பூசி முடித்த உத்திரத்தில் ஜாக்கி வைத்துத் தூக்கினால் பூசியது போச்சு.

எதையும் தொடும் முன் ஒரு சோதனை

ஏணி, தூக்குக்குண்டு, ரசமட்டம், நூல், கூரான ஸ்க்ரூடிரைவர் இவ்வளவு போதும். ஏணியைப் பெர்கோலாவின் மேல் சாய்க்க வேண்டாம். தானாக நிற்கும் இரட்டை ஏணியைப் பயன்படுத்துங்கள். மேலே ஏறி, உத்திரம், சட்டங்களின் மேல்முகத்தைப் பாருங்கள். கீழே நிற்பவர் கண்ணில் படாத அந்தப் பக்கம்தான் முதலில் கெடுகிறது. மழை அங்கேதான் தேங்குகிறது, நடுப்பகல் வெயிலும் நேராக அங்கேதான் விழுகிறது.

ஸ்க்ரூடிரைவரால் நான்கு இடங்களைக் குத்திப் பார்க்க வேண்டும்: தூண் தரையைத் தொடும் இடம், உத்திரம் தூண்மேல் உட்காரும் இணைப்பு, சட்டங்களின் வெட்டுமுனை, இரண்டு பலகைகள் ஒட்டிக் கிடக்கும் இடுக்கு. நல்ல மரத்தில் நுனி ஓரிரு மி.மீ.க்கு மேல் இறங்காது. நெம்பினால் நீளமான சிம்பு படக்கென்று கிளம்பும். அழுகிய மரத்தில் 5, 6 மி.மீ. சிரமமில்லாமல் இறங்கும், நெம்பினால் குட்டைத் துண்டாக, சத்தமே இல்லாமல் உடைந்து வரும். தட்டும்போது பொள்ளல் ஒலி கேட்டாலோ, தூணின் மேல் மண்ணாலான குழாய்கள் ஏறியிருந்தாலோ கரையான். அதற்கு மருந்தடித்து முடிக்கும்வரை மற்ற வேலை எதையும் தொடங்காதீர்கள்.

அறிகுறி: கைவைத்துத் தள்ளினால் ஆடுகிறது, அல்லது சாய்ந்து நிற்கிறது

தூக்குக்குண்டை ஒவ்வொரு தூணின் இரண்டு முகத்திலும் தொங்கவிட்டுப் பாருங்கள். எல்லாத் தூண்களும் ஒரே திசையில் சாய்ந்திருந்தால், மூலைகளில் சாய்வுக்கட்டை இல்லாததால் சட்டகமே கோணிவிட்டது என்று பொருள். ஒரு தூண் மட்டும் சாய்ந்திருந்தால் அடித்தளம் இறங்கியிருக்கும், அல்லது தூணடி அழுகியிருக்கும். அதற்கு அடுத்த பகுதியைப் பாருங்கள்.

கோணலை நிமிர்த்தும் முறை: இணைப்புப் போல்ட்டுகளைக் கழற்றாமல் ஒரு சுற்று மட்டும் தளர்த்துங்கள். சாய்ந்த பக்கத்துத் தூணின் தலையிலிருந்து எதிர்த் தூணின் அடிவரை, பாரம் கட்டும் ராட்செட் பெல்ட்டைக் குறுக்காகப் போட்டு மெதுவாக இறுக்குங்கள். நீளமாகிப்போன மூலைவிட்டத்தில்தான் பெல்ட் போக வேண்டும்; எந்த மூலைவிட்டம் நீளம் என்பதை டேப்பால் அளந்தே முடிவு செய்யுங்கள். நேர்நிலையைத் தாண்டி ஒரு 5 மி.மீ. கூடுதலாக இழுங்கள். பெல்ட்டை விட்டதும் கொஞ்சம் திரும்பி வரும்.

பெல்ட் இறுக்கத்தில் இருக்கும்போதே சாய்வுக்கட்டைகளைப் பொருத்த வேண்டும். மூலையிலிருந்து தூணில் 60 செ.மீ., உத்திரத்தில் 60 செ.மீ. தள்ளிக் குறியிட்டு, 45 பாகையில் வெட்டினால் கட்டையின் வெளிநீளம் ஏறக்குறைய 85 செ.மீ. வரும். 90 × 45 மி.மீ. கட்டை, ஒவ்வொரு முனைக்கும் 10 அல்லது 12 மி.மீ. போல்ட். இரண்டு திசையிலும் கொடுங்கள். ஒரு திசையில் மட்டும் கொடுத்தால் மறு திசையில் ஆட்டம் அப்படியே இருக்கும். தோற்றத்துக்கும் இது லாபம்தான். வெறும் சதுரமாக நின்ற மூலைகளுக்கு இந்தக் கட்டைகள் ஒரு வடிவம் கொடுக்கின்றன. உள்விளிம்பை லேசான வில்வளைவாக வெட்டினால் இன்னும் நன்றாயிருக்கும்.

பழைய போல்ட்டுகள் தளர்ந்திருப்பது யாருடைய கவனக்குறைவும் அல்ல. பச்சையாகப் பொருத்திய மரம் காய்ந்து குறுக்குவாட்டில் சுருங்கியிருக்கும். பெரிய வாஷர் போட்டு, வாஷர் மரத்துக்குள் அமுங்கத் தொடங்கும் வரை மட்டும் இறுக்குங்கள். அதற்கு மேல் இறுக்கினால் நார் நசுங்கும், அந்தப் பள்ளத்தில் தண்ணீர் நிற்கும்.

அறிகுறி: தூணின் அடி கறுத்து மெத்தென்று இருக்கிறது

மரத்தைத் தின்னும் பூஞ்சைக்கு ஈரமும் காற்றும் இரண்டும் வேண்டும். தரைமட்டத்தில்தான் இரண்டும் சேர்ந்து கிடைக்கின்றன. ஆகவே மண்ணுக்குள் ஓரடி ஆழத்தில் இருப்பதைவிட, மண்ணின் மேல்தோலை ஒட்டிய இரண்டு விரற்கடைதான் மோசமாகக் கெடும். தூணைச் சுற்றிக் கான்கிரீட் ஊற்றி அதன் மேற்பரப்பைக் கிண்ணம்போல விட்டிருந்தால் அழுகல் இன்னும் சீக்கிரம் வரும். சுருங்கிய மரத்துக்கும் கான்கிரீட்டுக்கும் இடையிலுள்ள இடுக்கில் ஒவ்வொரு மழையும் இறங்கும்.

மேல்தோல் மட்டும் கெட்டிருந்தால் கெட்டதைச் சுரண்டி எடுத்து, காயவிட்டு, மரக்காப்புத் திரவம் ஊறவைத்து, கான்கிரீட்டின் மேல் சிமெண்ட் கலவையால் வெளிப்புறம் சரியும்படி ஒரு கரை கட்டுங்கள். மரத்தோடு சேரும் இடுக்கை வெளிப்புற சீலன்ட்டால் அடைக்க வேண்டும். இது தவணை வாங்குவதுதான், தீர்வு அல்ல.

ஸ்க்ரூடிரைவர் ஆழமாக இறங்குகிறது என்றால் அடியை வெட்டத்தான் வேண்டும். தூணின் இருபுறமும் உத்திரத்துக்கு முட்டு கொடுங்கள். முட்டுக்கு அடியில் அகலமான பலகை போடாவிட்டால் அது மண்ணில் புதையும். ஜாக்கியால் 2, 3 மி.மீ. மட்டும் தூக்கினால் தூணின் பாரம் விலகிவிடும். அதற்கு மேல் தூக்கினால் மற்ற இணைப்புகள் கிழியும். அழுகல் முடியும் இடத்துக்கு மேலும் 15 செ.மீ. நல்ல மரத்தைச் சேர்த்தே வெட்டுங்கள். பூஞ்சையின் நார் கண்ணுக்குத் தெரியும் எல்லையைத் தாண்டி ஓடியிருக்கும். குறைந்த உயரத்தைக் கான்கிரீட் பீடம் கட்டி ஈடுசெய்யலாம். 30 செ.மீ. பீடமும், மரத்தைக் கான்கிரீட்டிலிருந்து 25 மி.மீ. தூக்கிப் பிடிக்கும், துத்தநாக முலாம் பூசிய (கால்வனைஸ்டு) இரும்புச் செருப்பும் வைத்தால், ஒட்டுப்போட்டதாகத் தெரியாது, முதலிலிருந்தே அப்படிக் கட்டியதாகத் தெரியும். ஒரு தூணுக்கு மட்டும் வெட்டினாலும் பீடத்தை எல்லாத் தூண்களுக்கும் கொடுத்தால்தான் கண்ணுக்கு ஒத்துவரும். கான்கிரீட் ஏழு நாள் நீர்விட்டுப் பதப்படும்வரை முட்டுகளை எடுக்காதீர்கள். செருப்பைப் பொருத்தும் முன் வெட்டுமுனை தன்னால் முடிந்தவரை மரக்காப்புத் திரவத்தை உறிஞ்சிக்கொள்ள விடுங்கள்.

அறிகுறி: உத்திரமோ ரீப்பரோ நடுவில் தொய்ந்திருக்கிறது

இரு முனைக்கும் நூல் பிடித்து நடுவில் அளந்து பாருங்கள். 3 மீட்டர் நீளத்தில் 10 மி.மீ.க்கு மேல் இறங்கியிருந்தால் தூரத்திலிருந்தே கண்ணில் படும்.

ரீப்பர் தொய்வதற்கு வழக்கமான காரணம் அதைப் படுக்கையாக வைத்து அடித்திருப்பது. ஒரு கட்டையின் விறைப்பு அதன் அகலத்துக்கு நேர்விகிதம். உயரத்துக்கோ மும்மடி விகிதம். 50 × 25 மி.மீ. ரீப்பரைப் படுக்கையிலிருந்து செங்குத்தாகத் திருப்பினாலே நான்கு மடங்கு விறைக்கும். புதுக் கட்டை வாங்கத் தேவையே இல்லை. திருப்பும்போது வளைவு மேல்நோக்கி இருக்கும்படி வையுங்கள், சொந்த எடையில் அது நாளடைவில் நேராகும். சூரியன் சாய்ந்திருக்கும்போது செங்குத்து ரீப்பருக்கு நிழலும் கூடும். அதைப் பின்னால் பார்ப்போம்.

உத்திரம் தொய்ந்திருந்தால், நடுவில் ஜாக்கி வைத்து நேர்மட்டத்துக்கு 5 மி.மீ. மேல்வரை ஒரே நாளில் அல்லாமல் மெல்ல மெல்லத் தூக்குங்கள். நெடுங்காலம் பாரம் சுமந்து வளைந்த மரம் அந்த வளைவைப் பழக்கமாக்கிக்கொண்டிருக்கும்; வெறுமனே தூக்கி விட்டால் மறுபடி இறங்கும். எனவே தூக்கிய நிலையில் அதே உயரமுள்ள இன்னொரு பலகையைப் பக்கவாட்டில் சேர்த்து, 40 செ.மீ.க்கு ஒன்றாக மேலும் கீழும் மாற்றி மாற்றி 12 மி.மீ. போல்ட் போடுங்கள். இரண்டு பலகைக்கும் இடையே போல்ட் வரும் இடங்களில் 10 மி.மீ. துண்டு வைத்து இடைவெளி விடுவது நல்லது. நெருக்கமாக ஒட்டிய இரண்டு பலகைகளின் நடுவில் இறங்கிய தண்ணீர் காய வழியே இல்லை.

முறுக்கிக்கொண்ட சட்டத்தை நிமிர்த்த முயல்வது பெரும்பாலும் வீண்வேலை. காய்ந்து முறுகிய மரம் ஆணிக்கு அடங்காது, முனையைப் பிளந்துகொள்ளும். அதை மாற்றிவிட்டு, மற்றவை முறுகாதபடி 1.5 மீட்டருக்கு ஒரு குறுக்குக்கட்டையை இரு சட்டங்களுக்கிடையே இறுக்கமாக அடியுங்கள்.

அறிகுறி: கறுப்பு. ஆனால் எந்தக் கறுப்பு?

இரண்டு சொட்டில் விடை கிடைக்கும். கறையின் ஓரிடத்தில் வீட்டு ப்ளீச் ஒரு சொட்டு விடுங்கள். ஓரிரு நிமிடத்தில் வெளுத்தால் அது பூஞ்சணம். வெளுக்காவிட்டால், நன்றாகத் தள்ளி, நன்றாகக் கழுவிய வேறோர் இடத்தில் ஆக்சாலிக் அமிலக் கரைசல் ஒரு சொட்டு விடுங்கள். மறைந்தால் இரும்புக்கறை. இரண்டுக்கும் அசையாவிட்டால் வெறும் அழுக்கு, பிசின், அல்லது அழுகலின் தொடக்கம். ப்ளீச்சும் அமிலமும் ஒன்றோடொன்று கலந்தால் குளோரின் வாயு கிளம்பும். அது மூச்சுக்குழாயை எரிக்கும். இரண்டையும் ஒரே வாளியில், ஒரே தூரிகையில், ஒரே நேரத்தில் பயன்படுத்தவே கூடாது.

பூஞ்சணத்துக்கு ஒரு பங்கு வீட்டு ப்ளீச், மூன்று பங்கு தண்ணீர். கீழிருந்து மேலாகத் தடவி, பத்து நிமிடம் காயாமல் ஈரமாக வைத்து, மென்மையான தூரிகையால் தேய்த்துக் கழுவுங்கள். அம்மோனியா கலந்த சோப்பு எதையும் சேர்க்காதீர்கள். கழுவியும் அதே இடத்தில் திரும்பத் திரும்ப வருகிறதென்றால் அங்கே காற்றோட்டமில்லை. மேலே படர்ந்த கிளையை வெட்டுவதுதான் மருந்து.

இரும்புக்கறை ஆணியடியிலிருந்து கோடாக வழிந்திருக்கும். மரத்திலுள்ள டானின் இரும்போடு சேர்ந்து மைபோலக் கறுக்கிறது. கறையை நீக்கும் முன் ஆணியை நீக்குங்கள். இல்லாவிட்டால் அடுத்த மழைக்கே திரும்ப வரும். மெல்லிய மின்முலாம் பூசிய ஸ்க்ரூ வெளியில் நிற்காது. உருகிய துத்தநாகத்தில் முக்கியெடுத்த கால்வனைஸ்டு அல்லது 304 வகை ஸ்டெயின்லெஸ் போடுங்கள். கடற்காற்று படும் இடமென்றால் 316. செம்பு உப்பு ஏற்றிப் பதப்படுத்திய மரம் சாதாரணத் துத்தநாக முலாமை வேகமாக அரிக்கும், ஆகவே அங்கும் இந்த இரண்டில் ஒன்றுதான். ஒரே இணைப்பில் ஸ்டெயின்லெஸ் போல்ட்டையும் கால்வனைஸ்டு தகட்டையும் சேர்க்காதீர்கள், முலாம் சீக்கிரம் போய்விடும்.

பிறகு ஒரு லிட்டர் வெதுவெதுப்பான தண்ணீருக்கு 80 கிராம் ஆக்சாலிக் அமிலம், பிளாஸ்டிக் வாளியில். கறைமேல் மட்டும் தடவினால் அந்த இடம் வெளுத்துத் திட்டாகத் தெரியும்; பலகை முழுவதும் தடவுங்கள். 15, 20 நிமிடத்தில் கறை கரையும். நிறையத் தண்ணீர் விட்டு அலசுங்கள். இது நச்சு. கையுறையும் கண்ணாடியும் அணிந்து, கீழுள்ள செடிகளை முன்பே நனைத்து மூடிவிட்டுச் செய்யுங்கள்.

அறிகுறி: மரம் முழுவதும் நரைத்துச் சாம்பல் பூத்திருக்கிறது

வெயிலிலுள்ள புறஊதாக் கதிர் மரநாரைப் பிணைக்கும் லிக்னினைச் சிதைக்கிறது, மழை அதை அடித்துச் செல்கிறது. மிஞ்சுவது வெளிறிய நார். கெட்டுப்போனது மேல்தோல் மட்டுமே. அதனடியில் பழைய நிறம் அப்படியே இருக்கிறது.

சோடியம் பெர்கார்பனேட் லிட்டருக்கு 50, 60 கிராம் கரைத்து உடனே தடவுங்கள். சில மணி நேரத்தில் அதன் வீரியம் போய்விடும், நாளைக்கென்று வைக்க முடியாது. கால்மணி நேரம் ஈரம் காயாமல் பார்த்து, நாரின் போக்கில் தேய்த்து அலசினால் சாம்பல் கரைந்து ஓடும். அப்போது மரம் அழுக்குப் பழுப்பாகக் கறுத்துத் தெரியும். பயப்பட வேண்டாம், அது காரத்தால் வருவது. முன்சொன்ன ஆக்சாலிக் கரைசலை ஒருமுறை தடவி அலசினால் நிறம் தெளியும்.

அழுத்த நீர் இயந்திரத்தை நாங்கள் பரிந்துரைப்பதில்லை. மென்மரத்தில் அது கோடைக்கால வளையத்தை விட்டுவிட்டு வசந்தகால வளையத்தைத் தோண்டி, பலகையை வரிவரியாக்கிவிடும். பயன்படுத்தியே தீரவேண்டுமென்றால் 40 பாகை விசிறி முனை, 30 செ.மீ. தூரம், நார்ப்போக்கில் மட்டும்.

இரண்டு மூன்று நாள் வெயிலில் காய்ந்தபின் 80 எண் உப்புத்தாள், பிறகு 120. அதற்கு மேல் வழவழப்பாக்காதீர்கள். துளைகள் அடைந்து எண்ணெய் இறங்காது. ஒரு சொட்டுத் தண்ணீர் விட்டுப் பாருங்கள். சில நிமிடத்தில் மரம் உறிஞ்சிக்கொண்டால் பூச்சுக்குத் தயார். முத்தாக நின்றால் பழைய பூச்சு மிச்சமிருக்கிறது, அல்லது இன்னும் ஈரம்.

பூச்சில், நிறமி கலந்த ஊடுருவும் எண்ணெய்தான் பெர்கோலாவுக்குப் பொருந்தும். நிறமற்ற வார்னிஷ் டப்பாவில் அழகு, மரத்திலும் முதல் சில மாதம் அழகு. புறஊதாக் கதிர் அதன் வழியே புகுந்து அடியிலுள்ள மரத்தைச் சிதைக்கும். பிடிப்பு போய்த் தாள்தாளாக எழும்பும். பிறகு முழுவதையும் சுரண்டாமல் மறுபூச்சு கிடையாது. எண்ணெய்ப் பூச்சு தேய்ந்து மங்குமே தவிர உரியாது. கழுவி மேலேயே அடுத்த பூச்சு கொடுத்துவிடலாம்.

அளவுக் கணக்கில் பலர் ஏமாறுவார்கள். 150 × 50 மி.மீ. சட்டம் ஒன்றின் சுற்றளவு 0.4 மீட்டர், 3.6 மீட்டர் நீளத்துக்கு 1.44 சதுர மீட்டர். எட்டுச் சட்டங்களுக்கு 11.5 சதுர மீட்டர். லிட்டருக்கு 8 சதுர மீட்டர் என்று வைத்தால் சட்டங்களுக்கு மட்டுமே இரண்டு பூச்சுக்கு 3 லிட்டர். சொரசொரப்பான பழைய மரம் இதைவிட அதிகமாகவே குடிக்கும்.

மெல்லியதாகத் தடவி, 15, 20 நிமிடம் கழித்து மரம் குடிக்காத மிச்சத்தைத் துணியால் துடைத்தெடுங்கள். நாள்கணக்கில் பிசுபிசுப்பாக நிற்பதற்குக் காரணம் துடைக்காமல் விட்ட எண்ணெய்தான். துடைத்த துணியைச் சுருட்டிப் போடாதீர்கள்: காயும் எண்ணெய் வெப்பம் விடும், குவியலுக்குள் அந்த வெப்பம் தானாகவே தீப்பற்றும் அளவுக்கு ஏறும். வெளியில் தனித்தனியாக விரித்துக் காயவிடுங்கள், அல்லது தண்ணீர் நிறைந்த உலோக டப்பாவில் அமிழ்த்துங்கள்.

அறிகுறி: பெயிண்ட் உரிகிறது

உரிந்த ஒரு செதிலைக் கையிலெடுத்து அதன் பின்பக்கத்தைப் பாருங்கள். காரணம் அங்கே எழுதியிருக்கும்.

பின்பக்கத்தில் சாம்பல்நிறப் பஞ்சுபோன்ற நார் ஒட்டியிருந்தால், நரைத்த மரத்தைச் சுரண்டாமல் அதன்மேல் அடித்திருக்கிறார்கள். பழைய பெயிண்டின் நிறமே பின்பக்கமும் தெரிந்தால் பளபளப்பான பழைய பூச்சை உப்புத்தாள் போட்டுச் சொரசொரப்பாக்காமல் மேலே அடித்தது. பின்பக்கம் சுத்தமாக, வழவழவென்று இருந்து, அடியிலுள்ள மரம் ஈரமாக இருந்தால் எங்கிருந்தோ தண்ணீர் உள்ளே வருகிறது. உரிந்த இடம் வெட்டுமுனைக்கோ இணைப்புக்கோ பக்கத்தில்தான் இருக்கும். உரியாமல் கொப்புளமாக மட்டும் இருந்தால் கொளுத்தும் வெயிலில் சூடான மரத்தில் அடித்திருக்கலாம்.

மிச்சமுள்ள பெயிண்டை நம்பலாமா என்பதற்கு: பிளேடால் பெருக்கல் குறியாகக் கீறி, அதன்மேல் ஒட்டுநாடாவை அழுத்தி ஒட்டி வெடுக்கென்று இழுங்கள். பெயிண்ட் நாடாவோடு வந்தால் எல்லாவற்றையும் எடுக்க வேண்டியதுதான். பல பத்தாண்டுப் பழைய பெயிண்டில் ஈயம் இருக்கக்கூடும். சோதனை செய்யாமல் உலர்ந்த நிலையில் உப்புத்தாள் போடாதீர்கள், சூடுகாட்டியும் எடுக்காதீர்கள். நனைத்துச் சுரண்டி, செதில்களைத் தரையில் விரித்த பிளாஸ்டிக் தாளில் பிடித்து அப்புறப்படுத்துங்கள்.

சுரண்டிய வெற்று மரத்துக்கு அன்றோ மறுநாளோ பிரைமர் அடியுங்கள். வெயிலில் இரண்டு மூன்று வாரம் விட்டாலே பெயிண்டின் பிடிப்பு குறையத் தொடங்கும். வெட்டுமுனைக்கு இரண்டு கை பிரைமர். நாரின் குழாய்கள் அங்கே வாய் திறந்திருக்கின்றன, பலகையின் பக்கத்தைவிடப் பல மடங்கு தண்ணீர் அங்கேதான் ஏறும். அடிக்கும்போது நிழலைத் தொடர்ந்து போங்கள்: காலையில் மேற்குப் பக்கம், பிற்பகலில் கிழக்குப் பக்கம்.

உத்திரத்தின் மேல்முகத்தை எவ்வளவு அடித்தாலும் காப்பாற்றுவது கடினம். அதற்கு மெல்லிய உலோகத் தகட்டை மூடியாகப் போட்டு இருபுறமும் 10 மி.மீ. கீழே மடித்துவிடுவதே நிரந்தரத் தீர்வு. செம்பு உப்பு ஏற்றிய மரமென்றால் அலுமினியம் நேரடியாகப் படக்கூடாது. இடையில் பியூட்டைல் நாடா ஒட்டுங்கள். தகட்டைப் பெர்கோலாவின் நிறத்திலேயே அடித்துவிட்டால் கீழிருந்து தெரியாது.

அறிகுறி: இரும்புப் பெர்கோலாவில் துரு, கொப்புளம்

வெளித்துருவைக் கம்பித் தூரிகையால் பளபளப்பு வரும்வரை எடுத்து, துத்தநாக பாஸ்பேட் பிரைமர் ஒரு கை, மேல்பூச்சு இரண்டு கை. இது எளிது. குழாய்த் தூணில் அடிப்பகுதியில் மட்டும் துரு வெடித்தால் தண்ணீர் உள்ளே நிற்கிறது. தலையில் மூடி போட்டு, அடியில் 6 மி.மீ. துளை ஒன்று போடுங்கள். கால்வனைஸ்டு குழாயில் பெயிண்ட் தகடாகக் கழன்று வந்தால், எண்ணெய்ப் பெயிண்டை நேரடியாகத் துத்தநாகத்தில் அடித்திருப்பார்கள். அதன் கொழுப்பு துத்தநாகத்தோடு சேர்ந்து சோப்பாகிவிடும். முழுதும் எடுத்துவிட்டு, கால்வனைஸ்டுக்கென்றே உள்ள பிரைமரிலிருந்து தொடங்க வேண்டும்.

அறிகுறி: எல்லாம் உறுதியாகத்தான் இருக்கிறது, ஆனால் குச்சிக்கால்போலத் தெரிகிறது

100 × 100 மி.மீ. தூண் பாரத்துக்குப் போதும், கண்ணுக்குப் போதாது. 2.5 மீட்டர் உயரத்தில், மேலே அகலமான சட்டங்களோடு, அது வற்றித் தெரியும். 20 மி.மீ. பலகையால் தூணைச் சுற்றிப் பெட்டி கட்டி 150 முதல் 180 மி.மீ. ஆக்குங்கள். தூணுக்கும் பலகைக்கும் நடுவே நிரப்புக்கட்டை வைத்து இடைவெளி விட வேண்டும். மூலையில் 45 பாகை வெட்டு வெளியில் நிலைக்காது, மரம் விரிந்து சுருங்கும்போது வாய் பிளந்துவிடும். ஒரு பலகையை மற்றதைவிட 5 மி.மீ. உள்ளே தள்ளிச் சேருங்கள். அந்தச் சிறு படியின் நிழல்கோடு இணைப்பை மறைத்துவிடும். பெட்டியின் அடி தரையைத் தொடாமல் 15 மி.மீ. மேலே நிற்க வேண்டும். பெட்டியின் அடியைச் சுற்றிப் பட்டை கொடுத்தால் அதன் மேல்விளிம்பைச் சரிவாக இழைத்துவிடுங்கள், தண்ணீர் தங்காது.

அடுத்த குறை சட்டங்களின் மொட்டை முனை. உத்திரத்துக்கு வெளியே 30 செ.மீ.க்கு மேல் நீட்டிக்கொண்டிருந்தால் வடிவம் கொடுக்க இடமிருக்கிறது. ஒட்டுப்பலகையில் ஒரு அச்சு வெட்டி எல்லா முனையிலும் அதையே வைத்து வரையுங்கள். கையால் தனித்தனியாக வரைந்தால் வரிசை கோணும். முனையின் உயரத்தில் மேல் மூன்றிலொரு பங்கை நேராக விட்டு, மீதியை உள்வளைவாக வெட்டுவது எந்த வீட்டோடும் ஒத்துப்போகும். வெட்டிய அன்றே முனைகளை அடைத்துப் பூசுங்கள்.

தரையும் கணக்கில் சேரும். தளம் தூண்களின் வெளிவிளிம்போடு நின்றுவிட்டால் பெர்கோலா ஒட்டாமல் நிற்பதுபோலத் தெரியும். தளத்தை 30 முதல் 60 செ.மீ. வெளியே நீட்டுங்கள்.

அறிகுறி: நிழல் விழவில்லை

சூரியன் நேர் உச்சியில் இருக்கும்போது நிழலின் அளவு ரீப்பரின் தடிமனைப் பொறுத்தது: 40 மி.மீ. தடிமனுள்ள ரீப்பர் 100 மி.மீ.க்கு ஒன்று என்றால் நூற்றுக்கு 40 பங்கு நிழல். சூரியன் சாயும்போது உயரம் வேலைக்கு வருகிறது. ரீப்பரின் உயரமும் இடைவெளியும் சமமாக இருந்தால், ரீப்பருக்குக் குறுக்கே 45 பாகைக்குக் கீழ் வரும் வெயில் முழுவதும் தடுக்கப்படும். இடைவெளியைப் பாதியாக்கினால் 63 பாகைவரை தடுக்கும்.

திசைதான் பலர் தவறவிடுவது. வடக்குத்தெற்காக ஓடும் ரீப்பர் காலை, மாலை வெயிலைத் தடுக்கும்; நடுப்பகலை விட்டுவிடும். கிழக்குமேற்காக ஓடுவது, சூரியன் வடக்கிலோ தெற்கிலோ சாய்ந்து போகும் நாட்களில் நடுப்பகல் வெயிலைத் தடுக்கும். காலை மாலையில் வெயில் அதன் நீளவாட்டில் புகுந்து வந்துவிடும். எந்த நேரம் அங்கே உட்காருகிறீர்கள் என்று முடிவு செய்து, இருக்கும் ரீப்பரைக் கழற்றித் திசைமாற்றுவதோ, இடையிடையே ஒன்று கூட்டுவதோ போதுமா என்று முதலில் பாருங்கள்.

பாலிகார்பனேட் தகடு போடுவதென்றால் சரிவு குறைந்தது 5 பாகை, உள்ளறைகள் சரிவின் போக்கில், புறஊதாக் காப்புப் பூசிய பக்கம் மேலே. 3 மீட்டர் தகடு 40 பாகை வெப்ப வேறுபாட்டில் 8 மி.மீ. அளவுக்கு நீளும். ஸ்க்ரூத் துளையை 2, 3 மி.மீ. பெரிதாக்காமல் இறுக்கியதால்தான் வெயில் ஏறும்போது படபடவென்று சத்தமும், துளையைச் சுற்றி விரிசலும் வருகின்றன. தகடு போட்டதும் காற்று அதை மேல்நோக்கித் தூக்கப் பார்க்கும். திறந்த பெர்கோலாவுக்கென்று போட்ட தூணடிப் பிடிமானம் அதற்குப் போதுமா என்று பார்க்காமல் ஏற்றாதீர்கள்.

அறிகுறி: கொடி படர்ந்தும் அழகில்லை, மரமும் கெடுகிறது

வேர்விட்டு ஒட்டிக்கொள்ளும் கொடிகள் பெயிண்டை எடுத்துவிடும், அடியில் ஈரத்தையும் தேக்கும்; மரப் பெர்கோலாவில் அவை வேண்டாம். முல்லை, போகன்வில்லா, திராட்சைக்குத் தூணிலிருந்து 5 முதல் 8 செ.மீ. தள்ளி 3 மி.மீ. ஸ்டெயின்லெஸ் கம்பி இழுத்து அதில் ஏற்றுங்கள். கொடிக்கும் மரத்துக்கும் நடுவே காற்று போகும், மறுபூச்சின்போது கம்பியோடு இறக்கியும் விடலாம். தண்டைக் கம்பியோடு எட்டு வடிவில் தளர்வாகக் கட்டுங்கள். அடியில் மொட்டையாக, தலையில் மட்டும் புதராக நிற்பதற்குக் காரணம் இளங்கொடியை நேராக மேலே ஓடவிட்டது. முக்கியத் தண்டை ஒன்றிரண்டு முறை கிள்ளி, பக்கக்கிளைகளைக் கிடைமட்டமாக இழுத்துக் கட்டினால் கீழிருந்தே தழைக்கும். செடி மூடாக்கு தூணிலிருந்து 15 செ.மீ. தள்ளியே இருக்கட்டும்.

அறிகுறி: இரவில் கண் கூசுகிறது, வயர் தொங்குகிறது

பல்பு கண்ணில் நேராகப் படுவதுதான் கூச்சம். விளக்கைச் சட்டத்தின் பக்கவாட்டிலோ மேல்முகத்திலோ மறைத்து, ஒளி மரத்தில் பட்டுக் கீழே வரும்படி வையுங்கள். 2700 கெல்வின் மஞ்சளொளி மரத்தின் நிறத்தை எடுத்துக்காட்டும்; வெள்ளொளியில் அதே மரம் வெளிறிப்போகும். 12 வோல்ட், ஐ.பி. 65 தர (தூசியும் மழைநீரும் புகாத) விளக்குகள் போதும். வரிசையின் கடைசி விளக்குகள் மட்டும் மங்கினால் வயர் மெல்லியது. தடித்த வயராக மாற்றுங்கள், அல்லது வரிசையை நடுவிலிருந்து இரண்டாகப் பிரித்து மின்சாரம் கொடுங்கள். சரவிளக்கைத் தன் வயரிலேயே தொங்கவிடாதீர்கள். இறுக்கிக் கட்டிய ஸ்டெயின்லெஸ் கம்பியில் 30 செ.மீ.க்கு ஒரு கட்டாகப் போட்டால் தொய்யாது. வயரை உத்திரத்தின் மேல்முகத்தில் ஓட்டி, இணைப்புப் பெட்டிக்குள் நுழையும் முன் கீழ்நோக்கி ஒரு வளையம் விடுங்கள். வழியும் மழைநீர் அந்த வளையத்தில் சொட்டிவிடும், பெட்டிக்குள் போகாது. மின்சாரம் எடுக்கும் இடத்தில் 30 மில்லி ஆம்பியர் கசிவுத்துண்டிப்பான் (மின்கசிவு வந்ததும் மின்சாரத்தை நிறுத்தும் கருவி) இல்லையென்றால், விளக்கு மாட்டும் முன் மின்பணியாளரைக் கொண்டு அதைப் போட்டுவிடுங்கள்.